பழைய காரில் ஏசி கிளட்ச் பிடித்துக்கொண்டால்: அறிகுறி பார்த்துக் கழற்றும் வழி

பங்குனிக் கடைசியில் தொடங்கி சித்திரை முழுக்க எங்கள் பட்டறைக்கு இந்த ஒரு வேலை திரும்பத் திரும்ப வரும். பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் ஆனி, ஆடிச் சாரல் பிடித்ததும் ஏசியை அணைப்பவர்கள் அடுத்த வெயில் வரைக்கும் அந்த ஸ்விட்சைத் தொடுவதில்லை. பழைய வண்டி என்றால் தோப்புக்குள் தகரக் கொட்டகையில் வாரக்கணக்கில் நிற்கும். பக்கத்தில் நார் மில் இருந்துவிட்டால் அந்தத் தூசி பானெட்டுக்குள் புகுந்து புல்லியைச் சுற்றிப் படியும். தேங்காய் நார்த் தூள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. துரு பிடிக்க வேறென்ன வேண்டும்? திருப்பூர், பல்லடம் பக்கத்து வண்டிகளில் இதே வேலையைப் பஞ்சு செய்கிறது.

வருகிறவர்களில் பல பேர் வேறெங்கோ காட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். “கம்ப்ரசரே போயிருச்சு, மொத்தமா மாத்தோணும்னு சொல்லிப்போட்டாங்க தம்பி, என்னங் பண்றது?” என்று கேட்பார்கள். பிரித்துப் பார்த்தால் சில நூறு ரூபாய் பேரிங்கோடு முடிகிற வண்டிகள் அதில் நிறைய. வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

கம்ப்ரசர்தான் ஏசி கேஸை அழுத்தும் பம்ப். பெல்ட் சுற்றுகிற புல்லி எப்போதும் சும்மா சுற்றும். ஏசி போட்டதும் காயில் என்ற மின்காந்தம் முன் பிளேட்டைப் புல்லியோடு ஒட்டவைத்துக் கம்ப்ரசரைச் சுற்றவைக்கும், அதுதான் கிளட்ச். பிடித்துக்கொள்ளும் இடம் மூன்று. புல்லிக்குள் இருக்கும் பேரிங் இறுகலாம். முன்னால் இருக்கும் கிளட்ச் பிளேட் புல்லியோடு ஒட்டிக்கொள்ளலாம். கம்ப்ரசரின் சாஃப்ட்டே (நடுத்தண்டு) உள்ளே இறுகிப்போகலாம். இதில் எது என்று தெரியாமல் ஸ்பானரை எடுக்காதீர்கள்.

முதலில் எஞ்சின் ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்றும், விரல் போய்விடும். அப்புறம் கேஸ் பைப். கிளட்சைக் கழற்றுவதற்கு கேஸ் பைப் நட்டு எதையும் தொட வேண்டியதே இல்லை. உள்ளே இருக்கும் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கையில் பட்டால் தோல் உறைந்து வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அறிகுறி 1: பெல்ட் கத்துகிறது, புகைகிறது, ரப்பர் கருகிய வாடை

ஏசி போடாமலேயே இது வந்தால் முதல் சந்தேகம் புல்லி பேரிங் மேல். பெல்ட்டைத் தளர்த்தி இறக்கிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றுங்கள். முன் பிளேட் அசையாமல் நிற்க, புல்லி மட்டும் லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால், அல்லது மணலை அரைப்பது போல நறநறவென்று சுற்றினால், பேரிங் முடிந்தது. புல்லி நன்றாகச் சுற்றுகிறதா? அப்படியானால் கம்ப்ரசரை விட்டுவிட்டு, அதே பெல்ட் ஓடுகிற ஐட்லர் புல்லியையும் (பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுற்றுவது) ஆல்டர்னேட்டரையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். ஐட்லர் பேரிங் போனதைக் கம்ப்ரசர் என்று நினைத்து வந்தவர்கள் உண்டு.

வழியில் நடந்தால் பதற வேண்டாம். ஏசிக்கென்று தனி பெல்ட் இருக்கிற வண்டி என்றால் அதை அறுத்துப்போட்டுவிட்டு வீடு வந்து சேரலாம், ஏசி மட்டும் இருக்காது. அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றுகிறதென்றால் அறுக்கவே கூடாது. கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும். அங்கே கட்டியிழுத்து வருவதுதான் மலிவு.

அறிகுறி 2: ஏசியை அணைத்தாலும் ‘கர்ர்ர்’ சத்தம்

இது முதல் அறிகுறியின் தம்பி, பேரிங் இறுகுவதற்கு முந்தைய நிலை. புல்லி பேரிங், ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் எஞ்சின் ஓடுகிறவரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே எப்போதும் சத்தம் என்றால் பேரிங், ஏசி போட்டால் மட்டும் சத்தம் என்றால் பிளேட்டோ கம்ப்ரசரின் உள்பாகமோ. இந்தக் கட்டத்திலேயே பேரிங்கை மாற்றினால் வேலை ஒரு மணி நேரம். இழுத்தடித்தால் கீழே சொல்லப்போகும் உள்வளையத் தொல்லையில் கொண்டுபோய் விடும்.

அறிகுறி 3: ஸ்விட்ச் அணைத்திருக்கிறது, ஆனாலும் முன் பிளேட் சுற்றுகிறது

பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கையும் தலையும் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். ஏசி அணைந்திருக்கும்போது புல்லி சுற்ற, நடு பிளேட் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிளட்சுக்குப் போகும் ஒற்றை வயரின் கனெக்டரைப் பிடுங்கி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது பிளேட் நின்றுவிட்டால் கோளாறு கிளட்சில் இல்லை, கிளட்சுக்குக் கரண்ட் விடும் ரிலே என்ற ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே அளவு ரிலேயை மாற்றிப்போட்டால் தீர்ந்தது.

வயரைப் பிடுங்கியும் சுற்றினால் பிளேட் புல்லியோடு ஒட்டியிருக்கிறது. நின்ற வண்டியில் துருவால் ஒட்டும், ஓடிய வண்டியில் வழுக்கி வழுக்கிச் சூடாகி ஒட்டும். இரண்டையும் நிறத்தில் கண்டுபிடிக்கலாம். செம்மண் நிறத் தூள் இருந்தால் துரு. பிளேட் விளிம்பு நீலம் பாய்ந்து கருப்புத் தூள் இருந்தால் சூடு. துரு என்றால் கழற்றி, தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து இரண்டு முகத்தையும் தேய்த்து மறுபடி மாட்டலாம். நீலம் பாய்ந்திருந்தால் பிளேட் வளைந்திருக்கும், புல்லி முகமும் பள்ளமாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சாரல் மாதங்களில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிட்டால் துரு ஒட்டுவது வரவே வராது. குளிருது என்று கூட இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள், கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டுங்கள்.

அறிகுறி 4: ஏசி போட்டதும் எஞ்சின் திணறி நிற்கிறது, அல்லது பெல்ட் வீறிடுகிறது

அணைத்தால் எல்லாம் சரியாக ஓடுகிறதா? அப்படியானால் பேரிங் நன்றாக இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, முன் பிளேட்டின் நடுப்பகுதியைக் கையால் பிடித்துத் திருப்புங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தக் கம்ப்ரசரையும் செத்தது என்று சொல்லாதீர்கள், சொல்லவும் விடாதீர்கள். நல்ல கம்ப்ரசர், மாவோடு கூடிய ஆட்டுக்கல் போலக் கனமாக, ஆனால் ஒரே சீராகத் திரும்பும். கொஞ்சம் போய்ப் போய் முட்டினால் உள்ளே உடைசல். கொஞ்சமும் அசையாவிட்டால் நடு நட்டின் மேல் ஸ்பானர் போட்டு, அது இறுகும் பக்கமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் சாஃப்ட் இறுகிவிட்டது. புது கிளட்ச் வாங்கிப் போடுவது வீண்.

இங்கே நிறுத்திக்கொண்டு ஏசி மெக்கானிக்கிடம் போங்கள். கேஸை மெஷினால் எடுக்க வேண்டும். இறுகிய கம்ப்ரசர் உலோகத் தூளைப் பைப்புகளுக்குள் தள்ளியிருக்கும் என்பதால் லைனைக் கழுவி, கேஸின் ஈரத்தை எடுக்கும் ரிசீவர் டிரையரையும் மாற்ற வேண்டும். கம்ப்ரசரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் புதியதும் அதே தூளைத் தின்றுவிட்டு நிற்கும்.

பிளேட்டுக்கும் கம்ப்ரசர் மூக்குக்கும் (புல்லி உட்காரும் முன்பகுதி) இடையில் எண்ணெய்ப் பிசுக்கு கலந்த அழுக்கு இருந்தாலும் இதே முடிவுதான். சாஃப்ட் சீல் கசிகிறது, அது கேஸ் எடுக்காமல் முடியாத வேலை. வண்டி 90களின் நடுப்பகுதிக்கு முந்தியது என்றால் உள்ளே ஆர்-12 இருக்கலாம் என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் நிறுத்தப்பட்ட கேஸ் அது. அப்படியே மறுபடி நிரப்ப முடியாது.

இனி கழற்றுவது. பழைய வண்டிகளில் கம்ப்ரசர் பெரும்பாலும் கீழே, சேசிஸ் ஓரம் ஒட்டி இருக்கும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வைக்க இடம் இருக்காது. கம்ப்ரசரைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, பைப்புகளோடேயே கொஞ்சம் முன்னால் இழுத்து, கட்டுக்கம்பியால் தொங்கவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் ஹோஸ் வளைந்து கொடுக்கும், அலுமினியப் பைப் கொடுக்காது. எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நடு நட்டு கழலவில்லை, பிளேட்டும் கூடவே சுற்றுகிறது

பிளேட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிளேட்டில் துளைகள் இருந்தால், ஒரு பட்டைக் கம்பியில் அதே இடைவெளியில் இரண்டு துளை போட்டு, போல்ட் மாட்டி ஒரு பிடி செய்துகொள்ளலாம். எங்களிடம் இருப்பது வெல்டிங் பட்டறையில் கழிவுப் பட்டையில் செய்தது, பல வருடமாக உழைக்கிறது. துளை இல்லாவிட்டால் பழைய பெல்ட் துண்டைப் பிளேட்டைச் சுற்றிப் போட்டு, அதன் மேல் பட்டை ரெஞ்ச். லாக் பிளையரால் விளிம்பைக் கவ்வாதீர்கள், பிளேட் நெளியும். நட்டோ போல்ட்டோ, இடப்பக்கம் திருப்பினால் கழலும் சாதாரண மரைதான். பெரும்பாலும் 10 மி.மீ. தலை கொண்ட சின்ன போல்ட். துருவேறியிருந்தால் முந்தின நாள் பொழுதோடவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். இதன் தண்டு ஆறு மி.மீ.தான், முறுக்கினால் உடைந்து சாஃப்ட்டுக்குள்ளேயே நிற்கும்.

நட்டு வந்துவிட்டது, பிளேட் வரவில்லை

முக்கால்வாசிக் கிளட்சுகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான், அதுவும் ஸ்க்ரூடிரைவரால். இரண்டு பக்கமும் விட்டு நெம்பினால் பிளேட்டின் பட்டை ஸ்பிரிங் கிழியும், அதற்கப்புறம் இடைவெளி ஒருநாளும் சமமாக வராது. சுத்தியல் அதைவிட மோசம். அடி நேராக சாஃப்ட் வழியாக உள்ளே போகும்.

பிளேட்டின் நடுத்துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே மரை இருக்கும், கழற்றிய போல்ட்டைவிடப் பெரிய மரை. அது ஆறு என்றால் இது பெரும்பாலும் எட்டு மி.மீ. அந்த எட்டு மி.மீ. போல்ட்தான் புல்லர். உள்ளே திருகிக்கொண்டே போனால் அதன் முனை சாஃப்ட்டின் முகத்தில் முட்டி, பிளேட்டைத் தானே வெளியே தள்ளும். போல்ட்டின் முனையைக் கிரைண்டரில் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். கூராக இருந்தால் சாஃப்ட்டுக்குள் இருக்கும் ஆறு மி.மீ. மரையின் வாயைச் சிதைத்துவிடும். மரைக்கும் முனைக்கும் ஒரு சொட்டு கிரீஸ். கையால் போகிறவரை கையால், அப்புறம் ஸ்பானர். இறுக்கம் ஏறியதும் நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். இழுத்த நிலையில் விட்டுவைத்தால் துரு தானாக விடும். ‘டிக்’கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நடுவில் மரை இல்லாமல், பிளேட்டின் முகத்தில் மூன்று சின்ன மரைத் துளைகள் இருந்தால் அது மூன்று போல்ட் புல்லர் கேட்கும் மாடல். கோவையில் கணபதி பக்கத்து லேத்துகளில் மாதிரி காட்டினால் கடைந்து தருவார்கள்.

பிளேட் வந்ததும் சாஃப்ட்டின் மேலோ பிளேட்டின் உள்ளேயோ மோதிரம் மாதிரி மெல்லிய வளையங்கள் இருக்கும். ஷிம் என்பது அதுதான். கிரீஸோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது, கீழே விழுந்தால் மண்ணில் கிடைக்காது. எத்தனை இருந்தது என்று எண்ணி, ஒரு மூடியில் போட்டு வையுங்கள்.

சர்க்ளிப் எடுத்தும் புல்லி வரவில்லை

புல்லியைப் பிடித்து நிற்கும் ஸ்பிரிங் வளையமான சர்க்ளிப்பைப் பிளையரால் எடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துள்ளும். நல்ல நிலையில் புல்லி கையால் ஆட்டி ஆட்டி இழுத்தாலே வரும். வராவிட்டால் இரண்டு தாடைப் புல்லர், சாஃப்ட் மேல் ஒரு தடித்த வாஷர் வைத்து. தாடை பெல்ட் பள்ளத்தின் உதட்டைப் பிடித்தால் உதடு உடையும், புல்லியின் பின்பக்கம் பிடிக்கட்டும்.

பேரிங் எரிந்து இறுகிய வண்டியில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. புல்லி வந்துவிடும், பேரிங்கின் உள்வளையம் மட்டும் கம்ப்ரசர் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். போன வருடம் கிணத்துக்கடவு தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து 1999 மாடல் வண்டி ஒன்று கட்டியிழுத்து வந்தது. கர்ர்ர் சத்தத்தோடு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். வளையம் மூக்கோடு நீலமாக வெந்து ஒட்டியிருந்தது. பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டு, “கேஸ் வெல்டர்ல ரவ சூடு காட்டுனா கழண்டுக்காதுங் தம்பி?” என்றார். கேட்டது நியாயமான கேள்விதான், இரும்பு வேலையில் அதுதான் வழக்கம். ஆனால் இங்கே கூடாது. ஒரு விரல்கடை தூரத்தில் ரப்பர் சீல், அதற்குப் பின்னால் கேஸ். சீல் உருகிக் கேஸ் வெளியேறித் தீயில் பட்டால் நுரையீரலை அரிக்கும் விஷவாயுவாக மாறும்.

அந்த வளையத்தை எடுத்த விதம் இது. பக்கத்தில் இருந்த வயர், ஹோஸ் எல்லாவற்றையும் ஈரச் சாக்கால் மூடினேன், தீப்பொறி பறக்கும் என்பதற்காக. சின்ன டை கிரைண்டரில் மெல்லிய டிஸ்க் போட்டு, வளையத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கீறல். ஆழமாகப் போகப் போக இரண்டு செகண்ட் வெட்டு, நிறுத்தி ஊது, பார். முழுக்க வெட்டவில்லை, அடியில் காகிதக் கனம் மிச்சம் வைத்தேன். மூக்கு அலுமினியம், அதில் டிஸ்க் பட்டால் புது பேரிங் உட்காரவே உட்காராது. அப்புறம் அந்தக் கீறலில் சின்ன உளியை வைத்துத் திருகினாற்போல ஒரே ஒரு தட்டு. பேரிங் இரும்பு கெட்டியானது, வளையாது, வெடிக்கும். பட்டென்று பிளந்து வளையம் தளர்ந்தது. மூக்கில் இருந்த மெல்லிய கோட்டை உப்புத்தாளால் துடைத்துவிட்டுப் புது பேரிங் போட்ட புல்லியை ஏற்றினோம்.

கிரைண்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இதை வீட்டில் செய்யவே வேண்டாம். கம்ப்ரசரை அப்படியே தொங்கவிட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மூக்கில் ஆழமான வெட்டு விழுந்தால் நல்ல கம்ப்ரசரைக் கையால் கொன்றதாக ஆகும்.

பழைய பேரிங்கின் பக்கவாட்டில் எண் அடித்திருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது. அழுத்தும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்திப் போட்ட பேரிங் ஒரு மாதத்தில் சத்தம் போடும்.

பழைய மாடலுக்குப் புல்லி கிடைக்காவிட்டால் உக்கடத்தில் பழைய பாகக் கடைகளில் தேடலாம். பெல்ட் பள்ளங்களின் எண்ணிக்கையையும், புல்லியின் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் எழுதிக்கொண்டு, முடிந்தால் பழையதைக் கையிலேயே கொண்டு போங்கள்.

காயிலைக் கழற்ற வேண்டுமா?

பேரிங் எரிந்திருந்தால் மட்டும் பாருங்கள். மல்டிமீட்டரில் 3 முதல் 5 ஓம் வரை காட்டினால், மேல் பூச்சு உருகி வெடிக்காமல் இருந்தால், அதைத் தொடாதீர்கள். மாற்றினால் பின்னால் இருக்கும் குமிழ் அதன் குழியில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு சர்க்ளிப் போடுங்கள்.

மாட்டிய பிறகு: ‘டக்’ சத்தம் வரவில்லை, அல்லது வெயிலில் விட்டுவிடுகிறது

ஷிம்களை எண்ணி அப்படியே போட்டு, பிளேட்டை ஏற்றி, போல்ட்டை இறுக்கியதும் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மூன்று இடத்தில் விட்டு அளக்க வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் 0.4 முதல் 0.7 மி.மீ. வரை சரியாக இருக்கும். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்து உரசினால் ஒரு ஷிம் சேர்க்கணும், அதிகம் என்றால் ஒன்றை எடுக்கணும். மூன்று இடத்திலும் அளவு வேறுவேறாக இருந்தால் பிளேட் நெளிந்திருக்கிறது. பெல்ட்டை மறுபடி போடும்போது வீணைக் கம்பி மாதிரி இறுக்காதீர்கள், புது பேரிங்கை முதலில் தின்பது அந்த இறுக்கம்தான். கடைசியாக எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, பத்து செகண்ட் ஏசி, பத்து செகண்ட் ஓய்வு என்று பதினைந்து இருபது முறை போட்டு அணைத்தால் முகங்கள் ஒன்றோடொன்று பழகும்.

ஏசி போட்டதும் பிளேட் ஒட்டுகிற ‘டக்’ வரவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே. அதன் பிறகு கிளட்ச் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் கேஸ் குறைந்து பிரஷர் ஸ்விட்ச் தடுக்கிறதா என்று ஏசி மெக்கானிக் மீட்டர் போட்டுப் பார்க்கட்டும். எரிந்தும் பிளேட் ஒட்டவில்லை என்றால் இடைவெளி அதிகம், இல்லாவிட்டால் காயில் போயிருக்கிறது.

இன்னொரு விதம் உண்டு. காலையில் நன்றாக வேலை செய்யும், மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியதும் குளிர் நின்றுவிடும், ஆறினால் மறுபடி வரும். கேஸ் ஏற்ற வேண்டும் என்று காசு வாங்கிவிடுவார்கள். சூட்டில் காயிலின் இழுப்பு குறையும், தேய்ந்த பிளேட்டின் இடைவெளியை அதனால் எட்ட முடியாது. உடுமலையிலிருந்து வந்த ஒருவர் இரண்டு முறை கேஸ் ஏற்றிய பிறகுதான் எங்களிடம் வந்தார். அளந்தால் 0.9. ஒரு ஷிம்மை எடுத்தேன், 0.5-க்கு வந்தது. அன்றைக்கே மொட்டை வெயிலில் பழனி வரை போய்விட்டு வந்து, “வழி பூராத்துக்கும் சில்லுன்னு இருந்துச்சுங்” என்று போனில் சொன்னார்.